பெட்டியின் மூலையில் கூடியவர்கள்

புதிதாக இந்தத் துறைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. எங்கள் காலத்துக் கம்ப்யூட்டர் எவ்வளவு மெதுவாக ஓடியது என்று புலம்பித் தீர்ப்பார்கள். இல்லையென்றால், தாங்கள் எடுத்த சரியான முடிவுகளை வரிசையாக அடுக்குவார்கள். நான் இரண்டையும் செய்யப் போவதில்லை. எந்த நிரலை எப்படி ஓட்டுவது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். இந்த வேலையில் எனக்கு ஒரு தடவை உண்மையாகவே பயம் வந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

திரையில் புள்ளிகள் நகர்வதைப் பார்க்கிற வேலையில் என்ன பயம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான்.

நம் தொழில் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சில திரவங்களை உறைநிலைக்குக் கீழே குளிர்வித்தாலும் அவை உறைவதில்லை. மூலக்கூறுகள் வரிசை கட்டி நின்றால் படிகம். வரிசை கட்ட நேரமில்லாமல் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டால் கண்ணாடி நிலை. மாலை நேரத்தில் தில்லி ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில் கூட்டம் நகர முடியாமல் நிற்குமே, அந்த மாதிரி. பார்க்கத் திடப்பொருள்தான், ஆனால் உள்ளே ஒழுங்கு கிடையாது. எங்கள் குழு இதைக் கணினியில் செய்து பார்த்தது. சில ஆயிரம் மூலக்கூறுகளை ஒரு கற்பனைப் பெட்டியில் போட்டு, சூடாக்கி, குளிர்வித்து, என்ன செய்கின்றன என்று பார்ப்போம். இப்படி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதை ‘ரன்’ என்போம்.

அந்தப் பெட்டிக்குச் சுவர் கிடையாது. வலப்பக்கம் வெளியேறும் மூலக்கூறு அதே நொடியில் இடப்பக்கமாக உள்ளே வந்துவிடும். திரையில் மூலை தெரியும், கணக்கில் மூலை என்று ஒன்று இல்லை. எல்லா இடமும் ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் குழுவில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, பெட்டியை யாரும் புதிதாகக் கட்டமாட்டோம். ஒரு பெட்டியைக் கட்டி அதற்குள் திரவம் சீராக நிலைகொள்ள வாரக்கணக்கில் ஆகும். எனவே சீனியர்கள் விட்டுப்போன பெட்டியையே அடுத்தவர் எடுத்துக்கொள்வார். கிட்வாய் நகரில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கித் தயிர் போடுவோம். அவர்கள் எங்கே வாங்கினார்கள் என்று கேட்டதில்லை. பெட்டி விஷயமும் அப்படித்தான். இரண்டாவது, நாங்கள் கண்ணாடி நிலையை ஆராய்கிறவர்கள் என்பதால் எங்களுக்குப் படிகம் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரன்னில் படிகம் தோன்றிவிட்டால் ‘கெட்டுப்போச்சு’ என்று சொல்லி அழித்துவிடுவோம்.

நாங்கள் எல்லோரும் கைமாற்றிக்கொண்ட அந்தப் பெட்டியை முதலில் கட்டியவர் என் மூத்த சக ஊழியர். பெயர் சொல்லவில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. காலி இடத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. சென்னைக்கு ரயிலில் போனால், எங்கள் பெட்டியில் இருக்கை காலியாக இருக்கும்போது, அடுத்த பெட்டிவரை போய் இடமில்லாமல் நிற்பவர் யாரையாவது கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைப்பார். அப்படி வந்த ஒருவர் ஆந்திரா முழுக்க எங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து பீடி குடித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழைத்து வந்தவரோ நிம்மதியாகத் தூங்கினார். வேலையிலும் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். கெட்டுப்போன ரன்னை நாங்கள் அழிக்கப் போகும்போது, “அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதோட முகத்தைப் பாரு” என்பார். பார்ப்பதற்கு நேரம் இருந்ததில்லை. நான் சொல்லப்போகும் விஷயம் நடப்பதற்குச் சில வருடங்கள் முன்பே அவர் இறந்துவிட்டார்.

தில்லிக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் ஒரு மருந்து நிறுவனம் இருந்தது. வலிப்புக்கு ஒரு புது மருந்து செய்திருந்தார்கள். அது படிகமாக இருந்தால் வயிற்றில் கரையாது, கண்ணாடி நிலையில் இருந்தால் கரையும். ஆகவே மாத்திரைக்குள் அதைக் கண்ணாடி நிலையிலேயே வைத்திருந்தார்கள். அது அப்படியே நிலைக்குமா, காலப்போக்கில் படிகமாகிவிடுமா என்பதுதான் எங்களிடம் கேட்ட கேள்வி. படிகமாகிவிட்டால் மாத்திரை பார்க்க அப்படியேதான் இருக்கும். நிறமோ எடையோ மாறாது. உள்ளே மட்டும் செத்திருக்கும்.

நிறுவனத்தின் சார்பில் எங்களோடு பேசியவர் யூசுப். காயல்பட்டினத்துக்காரர், முப்பதைத் தாண்டியிருக்கமாட்டார். நடைக்கூடத்தில் நான் போனில் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வந்து அறிமுகம் செய்துகொண்டவர். கொஞ்சம் பழகியபின் தன் தங்கை நஸீமாவைப் பற்றிச் சொன்னார். நொய்டாவில் ஒரு தொலைக்காட்சியில் படத்தொகுப்பு வேலை செய்கிறாள். கல்லூரிக் காலத்திலிருந்தே வலிப்பு. ஒரு முறை மெட்ரோ நடைமேடையில் விழுந்திருக்கிறாள். விளிம்புக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கல்லூரிப் பையனின் முதுகுப்பைதான் இருந்ததாம். பழைய மாத்திரை அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மருத்துவமனை வழியாகப் புது மருந்தின் சோதனையில் சேர்ந்திருந்தாள். மாத்திரைப் பட்டைகள் வீட்டுக்கு வந்துவிட்டன. பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டு இதைத் தொடங்க வேண்டும். எங்கள் பதில் வந்ததும் தொடங்கலாம் என்று மருத்துவர்கள் காத்திருந்தார்கள்.

இப்போது கிருபா. என்னிடம் ஆராய்ச்சி செய்த பெண். பெற்றோர் நாகர்கோவில் பக்கம், இவள் பிறந்து வளர்ந்தது மோதி பாக் அரசுக் குடியிருப்பில். தமிழ் பேசுவாள், நடுவில் இந்தி தானாகக் கலந்துவிடும். வாசிக்க வராது. இதையும் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால்தான் உண்டு.

மருந்தின் ரன்களை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். சிலவற்றில் படிகம் வந்தது. வழக்கப்படி அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டச் சொன்னேன். அவள் அழிக்காமல், படிகத்தை முதலில் தொடங்கிய மூலக்கூறுகளுக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். ஜூன் மாதம் அது. வெளியே புழுதிக்காற்று கிளம்பி நண்பகலிலேயே வானம் பழுப்பாகியிருந்தது. ஜன்னல் சட்டத்தில் ஒரு குரங்கு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. கிருபா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“மேம், ஒவ்வொரு ரன்லயும் அதே ஆளுங்க மேம்.”

எனக்குப் புரியவில்லை. மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரவத்தில் எல்லா மூலக்கூறுகளும் அலைந்து திரிந்துகொண்டிருந்தன. சிவப்பு நிறத்தவை பெட்டி முழுக்கச் சிதறிக் கிடந்தன. குளிரக் குளிர அவை நகர ஆரம்பித்தன. மற்றவை நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்க, சிவப்பு மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒன்றையொன்று தேடி வந்தது. மூலையே இல்லாத அந்தப் பெட்டியில், இடது கீழ்மூலையில் கூடியது. அங்கே முதல் வரிசை எழுந்தது. பிறகு பெட்டி முழுவதும் அந்த வரிசையில் போய் நின்றது.

ஒரே தொடக்கத்திலிருந்து ஓட்டினால் ஒன்றுபோலத்தான் வரும், மூலக்கூறுகளின் வேகங்களை மாற்றி ஓட்டு என்று சொன்னேன். மாற்றித்தான் ஓட்டியிருந்தாள். வேறு கணினியில், வேறு நிரலில் ஓட்டச் சொன்னேன். அதையும் செய்திருந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. பெட்டியில் பழைய படிகத்தின் மிச்சம் ஏதோ உருகாமல் இருந்திருக்கும், நன்றாகக் கொதிக்கவிடு, எல்லாம் மறந்துபோகும் என்று சொல்லி அனுப்பினேன். திரவம் தன் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருப்பது நமக்குப் புதிதல்ல. சூடாக்கினால் நினைவு போய்விடும்.

போகவில்லை. எந்த மருந்தும் தாங்காத வெப்பத்தில் கொதிக்கவிட்டாள். சிவப்பு நிறத்தவை மூலைக்கொன்றாகச் சிதறின. குளிர்வித்தபோது மறுபடியும் கிளம்பி வந்தன. இந்த முறை நடுவில் கூடின, இன்னொரு முறை மேலே. இடம் மாறியது, ஆட்கள் மாறவில்லை.

அந்தப் படத்தை நான் தனியாக உட்கார்ந்து பல தடவை பார்த்தேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. மூலக்கூறுக்கு மனசு கிடையாது, நினைவு கிடையாது. அவற்றுக்கு எண்களைக் கொடுத்ததே நாம்தான். ஒரே பொருளின் ஒரே மாதிரியான மூலக்கூறுகள் அவை. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது. அப்படியிருக்க இவற்றுக்கு மட்டும் ஒன்றையொன்று எப்படித் தெரிகிறது? மடிக்கணினியை மூடியபிறகும் அவை உள்ளே நகர்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. கிருபாவோ அந்த அறையில் தனியாக உட்காருவதையே நிறுத்திவிட்டாள். கேன்டீனில் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்த்தாள். நான் அவளைக் கேலி செய்யவில்லை, ஏனென்றால் மறுநாள் நானும் அங்கே போய் உட்கார்ந்தேன்.

விடையைக் கண்டுபிடித்தவள் அவள்தான். சிவப்பு மூலக்கூறு ஒன்றைப் பெரிதாக்கி, சாதாரண மூலக்கூறு ஒன்றின்மேல் பொருத்திப் பார்த்திருக்கிறாள். பொருந்தவில்லை.

“இவங்க எல்லாரும் உல்டா மேம்,” என்றாள்.

செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இடதும் வலதும் ஒரே அளவு, ஒரே தோல், ஒரே தையல். ஆனால் ஒன்றை இன்னொன்றாக ஆக்க முடியாது. சில மூலக்கூறுகளும் அப்படித்தான். எங்கள் மருந்தில் இருக்க வேண்டியவை வலது மட்டுமே. பெட்டிக்குள் சில டஜன் இடது கலந்திருந்தது. கணினிப் பெட்டியில் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் இடது வலதாகாது, ஏனென்றால் அங்கே மூலக்கூறின் பிணைப்புகள் முறியாதபடிதான் நாம் கணக்கு வைத்திருக்கிறோம். குளிரும்போது ஒவ்வொரு இடதும் பக்கத்தில் ஒரு வலதைச் சேர்த்துக்கொண்டு ஜோடியாகிவிடும். வலது செருப்புகளை மட்டும் ஒரு பெட்டியில் அடுக்கிப் பாருங்கள், சரியாக அடங்காது. ஜோடிகள் அடங்கும். அந்த ஜோடிகள் அடுக்கிக்கொள்ள ஒன்றையொன்று இழுத்தன. ஒரு வரிசை எழுந்ததும் மற்ற வலதுகளும் அதன்மேல் சாய்ந்து தங்களுக்குள் வரிசை கட்டின.

எப்படி வந்தன என்பதையும் தேடிப் பிடித்தோம். என் மூத்த சக ஊழியர் பெட்டி கட்டியபோது ஒரு மூலையில் இடம் காலியாக இருந்திருக்கிறது. பக்கத்திலிருந்த ஒரு கொத்தைப் பிரதி எடுத்து அங்கே வைக்கப் பார்த்திருக்கிறார். அது இடித்திருக்கிறது. கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலத் திருப்பி வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான். முதலில் செய்து பார்த்த எளிய திரவங்களுக்கு இடது வலது வித்தியாசமே இல்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு அதே இருக்கைகளில் இந்த மருந்தின் மூலக்கூறுகளை ஏற்றியபோது, திருப்பி வைத்த இடத்திலெல்லாம் திரும்பிய மூலக்கூறுகளே உட்கார்ந்துவிட்டன. காலி இடத்தைப் பார்க்கப் பொறுக்காத மனிதர், செத்தபிறகும் ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார்.

அன்று நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பேய் இல்லை, பிசாசு இல்லை, வெறும் பிழை. கிருபா சமோசா வாங்கிக் கொடுத்தாள். புதுப் பெட்டி கட்டினோம், எல்லாம் வலது. எத்தனை முறை குளிர்வித்தாலும் படிகம் வரவில்லை. பிரிவுத் தலைவருக்கு நிம்மதி. நிறுவனத்தில் யூசுபின் மேலதிகாரிகள் கடிதத்துக்கு அவசரப்படுத்தினார்கள். ‘நிலைக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. நஸீமா பழைய மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டாள் என்று யூசுப் போனில் சொன்னார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் பழைய ரன்களை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிழையான பெட்டியில் வந்தவை, வைத்திருந்தால் பின்னால் யாராவது குழம்புவார்கள். விரல் வைக்கும் நேரத்தில் பெட்டி கட்டிய அந்த மனிதரின் குரல் ஞாபகம் வந்தது. சரி, முகத்தைத்தான் பார்ப்போமே என்று முதல் ரன்னைத் திறந்தேன். நண்பகல், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே யாரோ பழ வண்டிக்காரரிடம் பேரம் பேசுகிறார்கள். திரையில் அவை மறுபடியும் கிளம்பி வந்தன. பிழை என்று தெரிந்தபிறகும் மடிக்கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவ்வளவு நிச்சயமாக வந்தன. அப்போதுதான் அந்தக் கேள்வி தோன்றியது. எங்கள் பெட்டியில் இடது வந்தது ஒரு மனிதரின் பிழையால். நிஜ மாத்திரையில் இடது இருக்காது என்று யார் சொன்னது?

யூசுபைக் கூப்பிட்டுக் கேட்டேன். மிகச் சிறிய அளவில் எப்போதும் இருக்கும் மேடம், அனுமதிக்கப்பட்ட அளவுதான் என்றார். சூட்டில் அது கூடுமா என்று கேட்டேன். கூடும், ஆனால் மெதுவாகத்தான் கூடும், எங்கள் பரிசோதனைகள் எல்லாம் குளிரூட்டிய அலமாரியில் செய்தவை என்றார். கணினியில் பிணைப்பு முறியாது. நிஜ உலகில் முறியும், திரும்பவும் சேரும், சேரும்போது சில சமயம் உல்டாவாகச் சேரும்.

கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது என்றேன். பிரிவுத் தலைவர் என்னை அழைத்து, நீங்களே பிழை என்று ஒப்புக்கொண்ட ரன்னை வைத்து ஒரு மருந்தை நிறுத்துவீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. யூசுப் அன்று மதியமே வந்தார். சாணக்யபுரி பக்கம் ஏதோ விருந்தினர் இல்லத்தில் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“மேடம், பழைய மாத்திரை பாதி ஆயிடுச்சு. புதுசு இல்லேன்னா அவளுக்கு ரெண்டும் இல்ல. உங்க கம்ப்யூட்டர் தப்புக்கு எந் தங்கச்சி விழணுமா?”

“தம்பி, அந்த மாத்திரைய வீட்டுல எங்க வச்சிருக்கீங்க?”

அவர் யோசித்தார். “ஃப்ரிட்ஜுக்கு மேல.”

தில்லியில் பாதி வீடுகளில் மருந்து இருக்குமிடம் அதுதான். குளிர்பெட்டிக்கு உள்ளே குளிர், தலைக்குமேல் அடுப்பு மாதிரிச் சூடு. அந்தப் பட்டைகள் போன கோடையில் செய்தவை. ஒரு கோடை கிடங்கில், இந்தக் கோடை ஃப்ரிட்ஜ் தலையில். அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து பாருங்கள், நான் சொல்வது தப்பானால் அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கோபத்தோடுதான் சம்மதித்தார்.

நிறுவனத்தின் ஆய்வகத்தில் திரைகளை இழுத்துவிட்டு இருட்டாக்கினார்கள். நுண்ணோக்கியில் ஒரு தனி அமைப்பு உண்டு. அதில் கண்ணாடி நிலைப்பொருள் தெரியாது, எல்லாம் கறுப்பாக இருக்கும். படிகம் மட்டும் ஒளிரும். யூசுப் பட்டையைக் கிழித்து மாத்திரையிலிருந்து ஒரு துளி சீவி வைத்துக் கண்ணைப் பதித்தார். நானும் கிருபாவும் சுவரோரம் நின்றோம்.

“இருட்டாத்தான் இருக்கு மேடம்,” என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. நானும் மனதுக்குள் அவருக்காகச் சந்தோஷப்பட்டேன். பையிலிருந்து பேனாவை எடுத்தேன்கூட.

“பையா, ஏக் மினிட்,” என்றாள் கிருபா, இந்தியில் அவரை அண்ணனாக்கி. “ஓரத்துக்கு நகர்த்துங்க.”

அவர் நகர்த்தினார். கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து விலகி எனக்கு இடம் விட்டார். குனிந்து பார்த்தேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. விளிம்பில் ஒரு சின்ன வெளிச்சம். அதன் பக்கத்தில் இன்னொன்று. அவற்றைச் சுற்றிச் சிறு முட்களாக நீலமும் மஞ்சளும். பிற்பாடு எக்ஸ் கதிரில் வைத்து அளந்தார்கள். கிருபாவின் திரையில் எழுந்த அதே அடுக்கு, அதே இடைவெளி. இந்த உலகத்தில் யாருமே அதுவரை பார்த்திராத படிகம். முதலில் அது தோன்றியது ஒரு பிழையான பெட்டியின் மூலையில்.

யூசுப் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். “இத நம்பித்தான் அவ பழசக் குறைச்சுக்கிட்டு வாறா,” என்றார். பிறகு எழுந்து வெளியே போய் நஸீமாவுக்குப் போன் செய்து, பழைய மாத்திரையை முழு அளவுக்கே திரும்பச் சாப்பிடச் சொன்னார். அவள் ஏன் ஏன் என்று கேட்டது எங்களுக்கே கேட்டது.

மருந்து அப்போதைக்கு நின்றது. கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த ஆய்வகத்தில் அதே மருந்து சீசாக்களில் கண்ணாடி நிலையில், தெளிவாக, கெட்டியாக, நெடுநாளாக இருந்தது. நாங்கள் போய் வந்த வாரத்தில் ஒரு சீசாவில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. அதற்கடுத்து பக்கத்துச் சீசா. அப்புறம் எதிர்ச்சுவர் அலமாரி. மூடியைத் திறக்கிற ஒவ்வொன்றிலும் வெள்ளை பூத்தது. கழுவிப் பார்த்தார்கள், அறையை மாற்றினார்கள். அதன்பின் அந்தக் கட்டிடத்தில் அந்த மருந்தைத் தெளிவாகச் செய்யவே முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், அது காற்றிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு போய் அடுத்த சீசாவுக்கு வரிசை கட்டக் கற்றுக்கொடுத்துவிடும். இது நம் துறையில் தெரிந்த விஷயம்தான், படித்திருப்பீர்கள். அந்தத் துகளை அந்த அறைக்குள் கொண்டுபோய்ப் பட்டையைக் கிழித்தது நாங்கள் மூவரும்.

“நாம கூப்பிட்டதாலதான் அது வந்துச்சா மேம்?” என்று கிருபா ஒரு நாள் கேட்டாள். இல்லை, யூசுபின் ஃப்ரிட்ஜ் மேல் அது ஏற்கெனவே இருந்தது, நாம் பார்த்தோம், அவ்வளவுதான் என்றேன். அதுதான் சரியான விளக்கம். அதை நம்பவும் செய்கிறேன். இருந்தாலும் அவளிடம் அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. அந்தப் பெட்டியைக் கட்டியவர் இடது வலது தெரியாமல்தான் திருப்பி வைத்தாரா என்று சில சமயம் யோசிப்பேன். தெரியாமல்தான். வேறு எப்படி இருக்க முடியும்?

நிறுவனம் வேறு ஊரில் புதுக் கூடம் கட்டியது. மருந்தோடு வேறொரு பொருளைக் கலந்து, இடதும் வலதும் ஜோடி சேராதபடி செய்தார்கள். அதற்குக் கணக்குப் போட்டுத் தந்தவள் கிருபா. பிழையான பெட்டியில்தான் போட்டாள், வேண்டுமென்றே. பழைய கட்டிடத்தில் காலடி வைத்த யாரும் புதுக் கூடத்துக்குள் நுழையக் கூடாது என்று விதி போட்டார்கள். அதனால் யூசுப் தன் தங்கைக்கான மருந்து எங்கே செய்யப்படுகிறது என்பதைப் பார்த்ததே இல்லை. நானும் கிருபாவும்கூடப் பார்த்ததில்லை.

பிழையான விடையை அழிப்பதற்கு முன், அதே பிழையை உலகமும் செய்யுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான். ஆனால் என் மனதில் நிற்பது அது இல்லை.

இந்த வருடம் பெருநாளுக்கு யூசுப் எங்களைத் துவாரகாவில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். நஸீமாவை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். வாயாடி. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதை வைத்து அவளே ஆயிரம் கேலி செய்தாள். புது மாத்திரை தொடங்கி நாளாகிவிட்டது, விழவில்லை, மெட்ரோவில் தனியாகப் போய் வருகிறாள். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தாள்.

யூசுப் பேச்சை நிறுத்தினார். எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மருந்தில் இப்போது அப்படி நடக்காது, எங்கள் சட்டைகளில் அந்தப் பழைய துகள் எதுவும் இருக்காது, அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் சிரிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் என் கால் எழுந்துவிட்டது. கதவைத் திறந்தபோது எனக்குப் பின்னால் கிருபாவும் வந்துகொண்டிருந்தாள்.

வெயிலில் மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கீழே பிள்ளைகள் புதுச்சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு டம்ளரை மேசைமேல் வைக்கும் சத்தம்.

“முழுங்கியாச்சு காக்கா,” என்று நஸீமா குரல் கொடுத்தாள். “எல்லாரும் உள்ள வரலாம்.”